வீட்டில் பூனை இனப்பெருக்கம்: ஜோடி சேர்ப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சென்னை, கோவை, மதுரை என்று எல்லா ஊர்களிலும் பெர்ஷியன் பூனை வீட்டுக்குள் வந்துவிட்டது. வாங்கி ஒரு வருடம் ஆனதும் பல வீடுகளில் எழும் பேச்சு, "ஒரு தடவை குட்டி போட விடலாமா?" என்பதுதான். அப்போது வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இதில் பெரும்பகுதி ஜோடி சேர்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியது. பூனை சினையாகிவிட்ட பிறகு நாம் எடுக்கக்கூடிய முடிவுகள் ரொம்பக் கொஞ்சம்.

ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் பெட்டைப் பூனைக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. குட்டி போடுவதால் பூனையின் உடம்புக்கு எந்த லாபமும் கிடையாது. ஆறு மாத வயதுக்குள் கருத்தடை அறுவை செய்துவிட்டால் பின்னாளில் மடியில் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 90 சதவீதம் குறைகிறது. வயது ஏற ஏற இந்தப் பாதுகாப்பும் குறைந்துகொண்டே போகும். கருப்பையில் சீழ் பிடிக்கும் நோயும் கருத்தடை செய்த பூனைக்கு வராது. "தாய்மையை அனுபவிக்கட்டும்" என்ற ஆசை நம்முடையது. அது பூனைக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள்.

அப்படியானால் யார்தான் குட்டி எடுக்கலாம்?

என் அளவுகோல் இது. பூனை சாதுவாக, மனிதர்களோடு ஒட்டி இருக்க வேண்டும். பயந்த சுபாவமும் சீறும் சுபாவமும் குட்டிகளுக்கும் போகும். கீழே சொல்லும் டெஸ்டுகள் செய்து, அறிக்கை கையில் இருக்க வேண்டும். தாய்க்கும் குட்டிகளுக்கும் என்று ஒரு அறையை மூன்று மாதம் ஒதுக்க முடிய வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு சிசேரியன் தேவைப்பட்டால் எந்த மருத்துவமனைக்குப் போவது என்று இப்போதே தெரிந்திருக்க வேண்டும், அதற்கான பணமும் தனியாக இருக்க வேண்டும். குட்டிகளை எடுத்துக்கொள்ள ஆட்களைப் பேசி வைத்திருக்க வேண்டும். நாலைந்து குட்டி சாதாரணம். ஒன்றுகூடப் போகாவிட்டால் அத்தனையையும் வைத்து வளர்க்க முடியுமா? இந்தக் கேள்விக்கு வீட்டில் எல்லோரும் சேர்ந்து "சரி" சொல்ல வேண்டும். ஒருவர் தயங்கினாலும் கருத்தடைக்கு நாள் குறியுங்கள்.

எத்தனை வயதில் முதல் குட்டி?

பெர்ஷியன் மற்ற பூனைகளைவிடத் தாமதமாகத்தான் பருவத்துக்கு வரும். பல பூனைகள் பத்துப் பன்னிரண்டு மாதத்தில் முதல் ஹீட்டுக்கு, அதாவது இணை தேடும் பருவத்துக்கு, வந்துவிடும், ஆனால் அது உடம்பு தயாரான வயது என்று அர்த்தமில்லை. ஒன்றரை வயது ஆகட்டும். ஐந்தாறு வயதைத் தாண்டிய பூனைக்கு முதல் பிரசவம் வேண்டாம். ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வருடம் விடுங்கள். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி ஹீட்டுக்கு வந்துவிடுவது உண்டு. வீட்டில் கடுவன் இருந்தால் அதைத் தனியாக வைப்பதுதான் வழி.

ஹீட்டை நிறுத்த ஹார்மோன் மாத்திரை கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்த மாத்திரைகள் கருப்பைச் சீழையும் மடிக் கட்டியையும் கொண்டுவரக்கூடியவை. டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது.

இரண்டு பூனைகளும் நன்றாகத்தானே இருக்கின்றன, எதற்கு டெஸ்ட்?

பெர்ஷியனில் பரம்பரையாக வரும் சிறுநீரக நோய் ஒன்று உண்டு. பி.கே.டி. என்பார்கள். பிறக்கும்போதே சிறுநீரகத்தில் பொடிப்பொடியாக நீர்க்கட்டிகள் இருக்கும், அவை வருடக்கணக்கில் மெல்லப் பெருக்கும். பூனை ஓடும், விளையாடும், நன்றாகச் சாப்பிடும். மெலிவதும் அதிகமாகத் தண்ணீர் குடிப்பதும் பெரும்பாலும் ஏழு வயது வாக்கில்தான் தெரியவரும். அதற்குள் அது பல ஈற்றுக் குட்டிகளைப் போட்டிருக்கும். தாய், தந்தை இரண்டில் ஒன்றுக்கு இந்த மரபணுக் கோளாறு இருந்தாலே போதும், குட்டிகளில் பாதிக்கு வரலாம். குணப்படுத்தும் மருந்து கிடையாது.

இதைத் தடுப்பது எளிது என்பதால்தான் எனக்கு ஆதங்கம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்து டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். அதற்கு வசதி இல்லையென்றால், பத்து மாதம் கடந்த பூனைக்கு ஸ்கேனில் கட்டிகள் நன்றாகவே தெரியும். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரியான இடங்களிலும் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் ஸ்கேன் எடுக்கலாம். கட்டி இருக்கிறது என்று வந்தால் அந்தப் பூனையை அன்போடு வளருங்கள், குட்டி மட்டும் எடுக்காதீர்கள்.

இதோடு ஃபெலைன் லுகேமியா, எஃப்.ஐ.வி. என்ற இரண்டு வைரஸ்களுக்கான ரத்தப் பரிசோதனையை இரண்டு பூனைகளுக்கும் செய்ய வேண்டும். ஒரே கிட்டில் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். லுகேமியா தாயிடமிருந்து குட்டிக்குப் போகும். மெய்ன் கூன், ராக்டால் வைத்திருப்பவர்கள் இதயத் தசை தடிக்கும் நோய்க்கான மரபணுப் பரிசோதனையும் இதய எக்கோவும் செய்துகொள்ளுங்கள்.

பூனைக்கு ரத்த வகை பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் பலர் நம்புவதே இல்லை. பூனைகளுக்கு ஏ, பி, ஏபி என்று ரத்த வகைகள் உண்டு. நம் ஊர் நாட்டுப் பூனைகளில் ஏ வகைதான் அதிகம். பெர்ஷியன், பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் இனங்களில் பி வகையும் கணிசமாக உண்டு. பி வகைத் தாயின் உடம்பில் ஏ ரத்தத்துக்கு எதிரான பொருள் இயற்கையாகவே, முதல் பிரசவத்துக்கு முன்பே இருக்கும். ஏ வகைக் கடுவனோடு சேர்ந்தால் குட்டிகளில் சில ஏ வகையாகப் பிறக்கும். அவை பிறக்கும்போது கொழுகொழு என்று இருக்கும். சீம்பால் குடித்த பிறகுதான் சிக்கல். அந்தப் பாலின் வழியே போன எதிர்ப்பொருள் குட்டியின் சிவப்பணுக்களை உடைக்கத் தொடங்கும். சிறுநீர் கருஞ்சிவப்பாகும், குட்டி சோர்ந்து ஓரிரு நாளில் இறந்துபோகும். "கண் பட்டுவிட்டது", "தாய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லை" என்று பேசப்படும் சாவுகளில் இதுவும் கலந்திருக்கிறது.

தாய் பி வகை என்றால் கடுவனும் பி வகையாக இருக்கட்டும். ஏ வகையோடு சேர்ந்துவிட்டது என்றால், பிறந்த முதல் 24 மணி நேரம் குட்டிகளைத் தாயிடம் பால் குடிக்க விடாமல் பூனைக்குட்டிக்கான பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்து, அப்புறம் தாயிடம் விட வேண்டும். முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் இதைச் செய்ய முடியும்.

பஞ்ச் ஃபேஸ் குட்டிக்கு நல்ல விலை. எக்ஸ்ட்ரீம் பஞ்ச் கடுவனோடு சேர்க்கலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். மூக்கு கண்களுக்கு நடுவே ஏறிப் புதைந்திருக்கும் பூனைக்கு மூச்சுவிடச் சிரமம், கண்ணீர் வடிகால் மடங்கிக் கண்ணில் எப்போதும் நீர், பல்வரிசை கோணல். பெரிய தட்டைத் தலை என்பதால் பிரசவத்தில் குட்டி சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். நம் ஊர் கத்திரி வெயிலில் வாயைத் திறந்து இரைக்கும் பெர்ஷியனை ஒரு தடவை பார்த்தால் போதும். டால் ஃபேஸ் என்று சொல்கிறோமே, மூக்கு தெளிவாகத் தெரியும் முகம், அதைத் தேர்ந்தெடுங்கள்.

காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காதை மடக்கும் அதே மரபணு உடம்பு முழுக்கக் குருத்தெலும்பைப் பாதிக்கிறது. காது மடிந்த ஒவ்வொரு பூனைக்கும் மூட்டு நோய் கூடவோ குறையவோ இருக்கும். அந்த இனத்தில் குட்டி எடுக்கவே வேண்டாம்.

கடுவனைத் தேடும்போது என்ன கேட்க வேண்டும்?

மேலே சொன்ன டெஸ்ட் அறிக்கைகள், தடுப்பூசி அட்டை, இரண்டுக்கும் உறவு உண்டா என்பது. ஒரே விற்பனையாளரிடம் வாங்கிய இரண்டு பூனைகள் அண்ணன் தங்கையாகவோ அப்பா மகளாகவோ இருக்கலாம். நம் ஊரில் பெரும்பாலான பெர்ஷியனுக்கு வம்சாவளிப் பத்திரம் இல்லை என்பதால் இதை வாய்விட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வீட்டுக்கு நேரில் போங்கள். உள்ளே நுழைந்ததும் அடிக்கும் வாடையை வைத்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். பிறகு கடுவனைத் தூக்கி, காதோரம், முகம், முன்னங்கால் முடியைப் பிரித்துப் பாருங்கள். காசு அளவுக்கு வட்டமாக முடி கொட்டி, செதில் செதிலாக இருந்தால் படர்தாமரை என்று சந்தேகியுங்கள். நீளமுடிப் பூனைகளில் இது ரொம்பச் சாதாரணம். வெளியே தெரியாமல் முடியிலேயே கிருமியைச் சுமக்கும் பூனைகளும் உண்டு. வீட்டுக்கு வந்தால் குட்டிகள், குழந்தைகள், பெரியவர்கள் என்று எல்லோருக்கும் ஒட்டும். அதற்குக் கொடுக்கும் கிரைசியோஃபல்வின் மாத்திரை சினைப்பூனைக்கு ஆகவே ஆகாது, குட்டிகள் ஊனமாகப் பிறக்கும். அதனால் தோல் நோயை முழுதாகக் குணமாக்கிய பிறகுதான் ஜோடி.

ஹீட் வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனை நாள் சேர்த்து வைக்க வேண்டும்?

தரையில் புரளும், பின்பக்கத்தைத் தூக்கி வாலை ஒதுக்கும், இரவெல்லாம் கத்தும். ஏதோ வலி என்று பயந்து டாக்டரிடம் ஓடுபவர்களும் உண்டு. இது ஒரு வாரம் போல நீடிக்கும், சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வரும். குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் பூனைகள் ஹீட்டுக்கு வருவதில்லை. பகல் வெளிச்சம் வருடம் முழுக்க நன்றாகக் கிடைக்கும் நம் பக்கத்தில் எந்த மாதத்திலும் வரலாம்.

பூனைக்குக் கருமுட்டை வெளிவருவதே இணை சேர்ந்த பிறகுதான். ஒரு தடவை சேர்ந்தால் பல சமயம் போதாது, அதனால் இரண்டு மூன்று நாள் சேர்ந்து இருக்கட்டும். பெட்டையைக் கடுவன் வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம், கடுவன் தன் இடத்தில்தான் தைரியமாக இருக்கும். திரும்பி வந்ததும் பத்து நாளாவது வெளியே விடாதீர்கள். ஒரே ஈற்றில் இரண்டு கடுவன்களின் குட்டிகள் பிறப்பது பூனையில் நடக்கக்கூடியதுதான்.

தடுப்பூசி, பூச்சி மருந்து எப்போது?

ஜோடி சேர்ப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். வழக்கமாகப் போடும் மூன்று நோய்க்கான ஊசியில் இருப்பது பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸ். சினையில் போட்டால் குட்டிகளின் சிறுமூளை வளர்ச்சி கெட்டுப்போகலாம். முன்பே போட்டிருந்தால் சீம்பால் வழியாகக் குட்டிகளுக்கும் பாதுகாப்பு போகும். ரேபிஸ் ஊசியையும் முன்பே போட்டுவிடுங்கள். உருண்டைப் புழுக்கள் தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போவதால் தாய்க்கு டாக்டர் சொல்லும் கணக்கில் புழு மருந்து தொடரட்டும். உண்ணிக்கு நாய்க்கான சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

சினைதான் என்று எப்போது உறுதியாகும்?

மூன்று வாரத்தில் காம்புகள் ரோஜா நிறமாகித் துருத்தும். 25 நாள் கடந்தால் ஸ்கேனில் குட்டிகளின் இதயத்துடிப்பே தெரியும். எத்தனை குட்டி என்று எண்ண எக்ஸ்ரேதான் சரி. 45 நாளுக்குப் பிறகு, முடிந்தால் 55 நாளுக்கு மேல் எடுங்கள். எண்ணிக்கை தெரிந்தால் பிரசவ நாளில் "இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறதா" என்ற தவிப்பு இல்லை. மொத்தம் ஏறக்குறைய 65 நாள்.

என்ன சாப்பாடு கொடுப்பது? வீட்டில் தயிர்சாதமும் மீனும்தான் சாப்பிடுகிறது.

அது போதாது. டாரின் என்ற சத்து பூனைக்கு உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும், அது முக்கியமாக இறைச்சி, மீன் வகைகளில்தான் இருக்கிறது. குறைந்தால் கரு கரைந்துபோகும், குட்டிகள் இறந்தோ ரொம்பச் சிறியதாகவோ பிறக்கும். சினை பிடித்த முதல் வாரத்திலிருந்தே பூனை எடை ஏறத் தொடங்கும், பால் கொடுக்கும் காலத்துக்கான சேமிப்பு அது. அதனால் தொடக்கத்திலேயே மெதுவாகக் குட்டிப் பூனைக்கான தரமான உணவுக்கு மாற்றி, குட்டிகள் பால் மறக்கும் வரை அதையே கொடுங்கள். பால் கொடுக்கும்போது வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பிடும். தட்டு எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

வேகவைத்த கோழி, மீன் கூடவே கொடுக்கலாம். பச்சை மத்தி வேண்டாம், அது தயாமின் சத்தை அழிக்கும். ஈரலை தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து குட்டிகளுக்கு ஊனம் வரும். "தெம்புக்கு" என்று கால்சியம் டானிக் ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள். சினைக்காலத்தில் தேவையில்லாமல் கொடுத்தால் உடம்பு தானே கால்சியத்தைச் சமன்செய்யும் திறன் மந்தமாகி, பால் கொடுக்கும்போது வலிப்பு வர வாய்ப்புண்டு.

வீட்டில் ஒருவர் கர்ப்பமாக இருக்கிறார். பூனை ஆபத்தா?

பூனையை வெளியே அனுப்பத் தேவையில்லை. டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வரும், ஆனால் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். லிட்டர் பாக்ஸை தினமும் வேறொருவர் சுத்தம் செய்யட்டும், பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள். ஆனால் குட்டி எடுக்கும் திட்டத்தைக் குழந்தை பிறந்த பிறகு யோசிக்கலாம். ஒரே வீட்டில் இரண்டு பிரசவத்தைக் கவனிப்பது யாருக்கும் கஷ்டம்.

பிரசவத்துக்கு என்ன தயார் செய்ய வேண்டும்?

தாய் நீட்டிப் படுக்கும் அளவுக்கு, மேலே மூடிய ஒரு அட்டைப்பெட்டி. ஆள் நடமாட்டம் குறைந்த அறையில் இரண்டு வாரம் முன்பே வைத்துப் பழக்குங்கள். அடியில் செய்தித்தாள், மேலே துவைத்த பருத்தித் துணி. நூல் பிரிந்த துண்டு வேண்டாம், குட்டியின் காலில் சுற்றிக்கொள்ளும். சமையலறை டிஜிட்டல் தராசு, தெர்மாமீட்டர், கொதிக்க வைத்த நூல், கத்தரிக்கோல், பூனைக்குட்டிப் பால் பவுடர், சின்ன பாட்டில். தரையைக் கறுப்பு பினாயில், டெட்டால் வகைகளால் துடைக்காதீர்கள், பூனைக்கு அவை விஷம். நீர்த்த பிளீச்சிங் கரைசலால் துடைத்து, காய்ந்த பிறகு பூனையை விடுங்கள். தாயின் வயிறு, பின்புற முடியைக் கத்தரித்துவிட்டால் குட்டிகள் காம்பைத் தேடி அலையாது.

பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். அடிக்கடி எட்டிப் பார்க்கும் கூட்டம் இருந்தால் நிச்சயம் மாற்றும். சொந்தக்காரர்களை மூன்று வாரம் கழித்து வரச் சொல்லுங்கள்.

வலி வந்தது எப்படித் தெரியும்? எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

கடைசி வாரத்தில் தினமும் இரண்டு வேளை ஆசனவாய் வெப்பம் பாருங்கள். வழக்கமாக 101 டிகிரி ஃபாரன்ஹீட் வாக்கில் இருப்பது 100க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பிரசவம். குட்டி வெளிவந்ததும் தாயே உறையைக் கிழித்து நக்கும். ஒரு நிமிடமாகியும் கிழிக்கவில்லை என்றால் நீங்கள் விரலால் கிழித்து, மூக்கைத் துடைத்து, துண்டில் வைத்து முதுகைத் தேய்த்துவிடுங்கள். தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி நூலால் கட்டி, கட்டுக்கு அப்பால் வெட்டுங்கள். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சுக்கொடி வந்ததா என்று எண்ணுங்கள், தாய் அதைத் தின்றுவிடும்.

முக்கி முக்கி அரை மணி நேரமாகியும் குட்டி வரவில்லை, பாதி வந்த குட்டி பத்து நிமிடமாக நிற்கிறது, முதல் குட்டி வருமுன்பே பச்சை நிற நீர் வடிகிறது, ரத்தம் நிற்காமல் போகிறது, தாய் துவண்டு கிடக்கிறது, 70 நாள் தாண்டிவிட்டது: இதில் எது நடந்தாலும் உடனே கிளம்புங்கள். வலி வரவழைக்கும் ஊசியை யார் சொல்லியும் வீட்டில் போடாதீர்கள். குட்டி குறுக்கே இருந்தால் கருப்பை கிழிந்துவிடும்.

குட்டிகள் சரியாக வளர்கின்றனவா என்று எப்படித் தெரியும்?

தராசுதான் சொல்லும். பெர்ஷியன் குட்டி பிறக்கும்போது 90 முதல் 110 கிராம் இருக்கும். நெற்றியில் அல்லது காலில் நிறத்தை வைத்து அடையாளம் குறித்து, தினமும் ஒரே நேரத்தில், ஒரே கிண்ணத்தில் வைத்து எடை எழுதுங்கள். நாளுக்குப் பத்து கிராமுக்கு மேல் ஏற வேண்டும், இரண்டு வாரத்தில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். 102, 113, 125 என்று போய்க்கொண்டிருந்த வரிசை திடீரென்று 125லேயே நின்றால் அன்றே கவனியுங்கள். குட்டி கத்துவதும் மெலிவதும் கண்ணுக்குத் தெரியும்போது பாதி நேரம் கடந்திருக்கும்.

முதல் வாரத்தில் குட்டிக்குத் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. பெட்டிக்குள் 30 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். நமக்கு வெயில் காலத்தில் அது தானே கிடைக்கும். மார்கழியிலும் ஏ.சி. அறையிலும்தான் வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு ஓரமாக வைக்க வேண்டும். தாய்ப்பால் போதாவிட்டால் பூனைக்குட்டிப் பால் பவுடர்தான், பசும்பால் பேதியைக் கொடுக்கும். குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு முதலில் சூடு, பிறகுதான் பால். வயிறு கீழே இருக்கும்படி பிடித்துக் கொடுங்கள், மல்லாக்கப் போட்டால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

குட்டிகளை எப்போது, யாரிடம் கொடுப்பது?

பன்னிரண்டு வாரத்துக்கு முன் வேண்டாம். ஒன்றரை மாதத்தில் கொடுத்துவிடும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அந்த வயதில் தடுப்பூசி தொடங்கிய நிலையில்தான் இருக்கும், கடிக்காமல் விளையாடுவதையும் தாயிடமிருந்து கற்று முடித்திருக்காது. அதற்குள் தினமும் கையில் எடுத்து, மிக்சி சத்தம், குழந்தைகள் குரல், சீப்பு எல்லாவற்றுக்கும் பழக்குங்கள். இரண்டு முதல் ஏழு வாரம் வரை பழகியதுதான் ஆயுசுக்கும் நிற்கும். நாலு மாதம் வரை உங்களிடமே தங்கும் குட்டிகளில் ஆணையும் பெண்ணையும் தனித்தனியாக வையுங்கள்.

வாங்க வருபவரிடம் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். பால்கனிக்கு வலை போட்டிருக்கிறதா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வாடகை வீடு என்றால் உரிமையாளருக்குத் தெரியுமா, முன்பு பூனை வளர்த்திருந்தால் அது என்ன ஆயிற்று. மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் வாங்க வேண்டிய ஊரா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். தாய் தந்தையின் டெஸ்ட் நகல், தடுப்பூசி அட்டை, இப்போது சாப்பிடும் உணவில் ஒரு வாரத்துக்கானது, இவற்றோடு குட்டியை அனுப்புங்கள். கருத்தடை செய்வேன் என்றும், வளர்க்க முடியாமல் போனால் உங்களிடமே திருப்பித் தருவேன் என்றும் எழுதி வாங்குங்கள். திரும்பி வரும் பூனைக்கு எட்டு வயது ஆகியிருந்தாலும் அது உங்கள் வீட்டுக் குட்டிதான், அதற்கு ஒரு மூலை எப்போதும் இருக்க வேண்டும்.

கணக்குப் பார்த்தால் லாபம் வருமா?

டெஸ்டுகள், நல்ல உணவு, ஸ்கேன், எக்ஸ்ரே, ஒவ்வொரு குட்டிக்கும் மூன்று மாதத் தீனி, புழு மருந்து, ஊசிகள். இதெல்லாம் ஒழுங்காகச் செய்தால் மிச்சம் பெரிதாக இருக்காது. ஒரு சிசேரியன் வந்தால் அந்த ஈற்றின் பணம் மொத்தமும் அதிலேயே போகும். லாபம் வேண்டும் என்றால் இவற்றில் ஏதோ ஒன்றைக் குறைக்க வேண்டியிருக்கும். எதைக் குறைத்தாலும் அது தாயின் உடம்பிலோ குட்டியின் உடம்பிலோதான் போய் விழும்.